போர்ஷே 911: அலுமினிய வீல் நட்டுகளுக்குப் பழைய பூச்சைத் திரும்பக் கொண்டுவருவது

1967 மாடல் 911எஸ் காருடன் வந்த ஃபுக்ஸ் வீல், ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகனில் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் ஃபோர்ஜிங் (சூடான உலோகத்தை அழுத்தி உருவாக்கும்) முறையில் செய்தது. வீலை அழகாக்க லட்சங்களைச் செலவழிப்பவர்கள்கூட அதைப் பிடித்திருக்கும் இருபது அலுமினிய நட்டுகளைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோல் மின்ன வைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து அவை அப்படி வரவில்லை. மெல்லிய அனோடைஸ் படலத்துக்கு (அமிலக் குளியலில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் வளர்க்கும் காப்புப் படலம்) அடியில் தெரியும் மங்கிய வெள்ளி நிறம்தான் அவற்றின் அசல் பூச்சு. பஃபிங் செய்த நட்டில் படலமே இருக்காது என்பதால் சில மாத மழையிலேயே வெள்ளைப் பொடி பூக்கும்.

முதலில் எவை தேறும் என்று பாருங்கள். புது எம்14×1.5 ஸ்டட்டில் (நட் ஏறும் திருகுக் கம்பி; 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரி இடைவெளி) ஒவ்வொரு நட்டையும் கையால் ஏற்றுங்கள். நடுவில் இறுகினாலோ கடகடவென்று ஆடினாலோ அந்த நட் வேண்டாம். வீலில் உட்காரும் உருண்டை முகத்தில் உலோகம் உரிந்து திரண்டிருந்தாலும் வேண்டாம்; அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போனால் வடிவம் மாறும், நட் வீலில் முழுதாகப் பதியாது. ஆறு பக்கத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். 19 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 18.7-க்குக் கீழே வந்திருந்தால் சாக்கெட் வழுக்கி முனை மழுங்கும். விரிசல் சந்தேகம் இருந்தால் டை பெனட்ரண்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பாருங்கள். இப்படிக் கழித்துக்கட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது, சக்கரத்தைப் பிடித்திருப்பது இவைதான்.

தேறியவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். கம்பி பிரஷும் ஸ்டீல் வூலும் தொடவே கூடாது. அலுமினியத்தில் புதையும் இரும்புத் துகள் பிறகு பழுப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். அமிலம் கலந்த வீல் கிளீனரும் அனோடைஸ் படலத்தை அரிக்கும்.

கழுவிய பிறகு மல்டிமீட்டரை எடுத்து, மின்சாரம் பாய்ந்தால் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனைகளையும் அழுத்திக் கீறாமல் மேற்பரப்பில் வைத்தால் மீட்டர் ஒலிக்கவில்லை என்றால் படலம் அங்கே இருக்கிறது என்று பொருள். ஒலித்தால் அந்த இடம் வெறும் உலோகம். பாதிக்கும் மேற்பட்ட நட்டுகளில் படலம் நன்றாக இருந்தால் கழுவியதோடு நிறுத்திக்கொள்வதே மேல். இரண்டொரு கீறலோடு இருக்கும் பழைய பூச்சுக்கு எந்த மறுபூச்சும் ஈடாகாது. அசல் நிறம் எது என்று தெரிய, வீலின் குழிக்குள் மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள்; வெயிலும் பிரேக் தூசியும் படாத அந்த வளையம்தான் உங்கள் மாதிரி. அதை நல்ல பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படலம் போய்விட்டது என்றால் பழையதை முழுதாக எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் காஸ்டிக் சோடா. பிளாஸ்டிக் வாளியில், தண்ணீரில் சோடாவைக் கொட்ட வேண்டும், தலைகீழாக அல்ல. கண்ணாடி, ரப்பர் கையுறை, திறந்த வெளி எல்லாம் கட்டாயம். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் தீ கூடாது. புரியின் துளையை இரு முனையிலும் கூம்பு வடிவ சிலிக்கோன் அடைப்பால் மூடுங்கள், இல்லாவிட்டால் காஸ்டிக் புரியைத் தின்று நட் தளர்ந்துபோகும். தொடக்கத்தில் அமைதியாக இருக்கும். படலம் கரைந்து உலோகம் வெளிப்பட்டதும் நட்டைச் சுற்றி நுரை பொங்கும். அப்போதே எடுத்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இன்னும் ஒரு நிமிடம் போகட்டும் என்று விட்டால் முகம் சொரசொரப்பாகிவிடும். மேலே படியும் கறுப்புக் கரியை அனோடைஸிங் பட்டறையில் நைட்ரிக் அமிலத்தில் எடுப்பார்கள். வீட்டில் நைட்ரிக் கையாள வேண்டாம். அந்தப் பட்டறையே எல்லாவற்றையும் செய்யுமானால் இந்த வேலையையும் அவர்களிடமே விடுவது உத்தமம்.

அடுத்து மேற்பரப்பு. தட்டையான கண்ணாடித் துண்டில் 400 எமரி தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு ஆறு பக்கங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துத் தேய்க்க வேண்டும். பிறகு 600. கையில் வைத்துத் தேய்த்தால் முனைகள் உருண்டுபோகும், அது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். வெளி முகத்துக்கு எம்14 போல்ட்டில் நட்டை ஏற்றி டிரில்லில் மெதுவாகச் சுழற்றி, 600-ஐப் பிடித்தால் லேத்தில் கடைந்ததுபோன்ற வட்டக் கோடுகள் திரும்பி வரும். கடைசியாகச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் (தேய்க்கும் நார்ப்பட்டை) ஒரு முறை. அத்தோடு நிறுத்துங்கள். உருண்டை முகத்தையும் புரியையும் தாள் தொடக் கூடாது. ஆழமான வெட்டுக்காயம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதை அழிக்கப்போனால் நட்டின் அளவு போய்விடும்.

அனோடைஸிங் பட்டறையில் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: நிறமற்ற சல்ஃபூரிக் அனோடைஸ், 8 முதல் 10 மைக்ரான், கொதிநீர் சீலிங் (படலத்தின் நுண்துளைகளைக் கொதிநீரில் மூடுவது), பிரைட் டிப் வேண்டாம். பிரைட் டிப் என்ற அமிலக் குளியலில் போட்டால் மறுபடி கண்ணாடிப் பளபளப்புதான் வரும். இருபதையும் ஒரே தொட்டியில் ஒரே முறையில் போட வேண்டும். வேறு வேறு காலத்தில் வாங்கிய நட்டுகளின் உலோகக் கலவை வேறாக இருந்தால் ஒரே குளியலிலும் நிறம் மாறும். ஆகவே அவற்றைப் பிரித்து வைத்து, ஒரு சக்கரத்துக்கு ஒரே வகையாக வருமாறு பாருங்கள்.

குளியல் 15–20 சதவீத சல்ஃபூரிக் அமிலம், வெப்பம் 18–22 டிகிரி, ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் என்றால் 10 மைக்ரானுக்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். நட்டைக் கவ்வும் இடம் புரியின் உள்பக்கம் இருக்கட்டும், வெளி முகத்தில் தழும்பு விழாது. அந்தக் கவ்வும் இடத்தில் பழைய படலம் ஒட்டியிருந்தால் மின்சாரம் பாயாது. ஒரு நட் மட்டும் படலமே இல்லாமல் வெளிவரக் காரணம் பெரும்பாலும் இதுதான். படலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிநோக்கி வளரும். 10 மைக்ரானில் அது சுமார் 3 மைக்ரான், ஆனால் 60 டிகிரிக் கோணப் புரியில் அதன் விளைவு விட்டத்தில் நான்கு மடங்கு. அப்படி வரும் சுமார் 12 மைக்ரான் குறைவைப் புரி பெரும்பாலும் தாங்கும். 25 மைக்ரான் கெட்டிப் படலம் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொதிநீரில் அரைமணி நேரம் சீல் செய்தது போதுமா என்று அறிய, மறைவிடத்தில் பர்மனெண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துச் சில நிமிடம் கழித்து ஸ்பிரிட்டில் துடையுங்கள். கறை தங்கினால் துளைகள் மூடவில்லை, திருப்பிக் கொடுங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது சீலிங்கில் வந்த படிவு. துணியால் அழுத்தித் துடைத்தால் போகும்.

நட்டை அழகாக்கிவிட்டு ஸ்டட்டைத் துருவோடு விடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. துரு புரியை அரைத்துத் தள்ளும். ஸ்டட்டை ஆசிடில் ஊறவைத்து ஜிங்க் பூச்சு போடப் போகாதீர்கள். வலுவான எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, பூச்சுக்குப் பிறகு உடனே 200 டிகிரியில் பல மணி நேரம் சுடவைக்காவிட்டால் ஒருநாள் சொல்லாமல் முறியும். புது ஸ்டட் வாங்கிப் போடுவதே சிக்கனம். நட்டுகளுக்கு பவுடர் கோட்டிங்கும் வேண்டாம், அடுப்பின் சூடு கெட்டிப்படுத்திய அலுமினியத்தைத் தளரவைக்கும்.

பூட்டும்போது விரலால் குறைந்தது நான்கு சுற்று ஏற்றுங்கள். சாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் உறை இல்லாவிட்டால் புதிய படலம் முதல் இறுக்கத்திலேயே உரியும். காற்று கன் வேண்டவே வேண்டாம். புரிக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பதை அந்தக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திர வரிசையில் இரண்டு கட்டமாக 130 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரம் குளிர்ந்திருக்கும்போது டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள்.