அம்மா பாடிய ஆல்ட்டோவைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் சபை கொயரில் (பாடகர் குழுவில்) அம்மா 37 வருஷம் ஆல்ட்டோ பாடினார். பாட்டின் மெட்டுக்குக் கீழே அதோடு இணைந்து போகும், பெண்களின் தாழ்ந்த குரல் அது. வீட்டில் அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் வாயில் அதே ஆல்ட்டோதான். அதுதான் பாட்டின் மெட்டு என்று நம்பியே நானும் தங்கையும் வளர்ந்தோம். அம்மா போன பிறகு நடந்த முதல் குடும்ப ஜெபத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் மேல் மெட்டில் பாட, நாங்களும் அதிலேயே சேர்ந்துகொண்டோம். பாட்டு முடிந்த பிறகுதான் உறைத்தது. அம்மாவோடு அம்மா பாடிய வழியும் போய்விடப் பார்க்கிறது.

பாடியே வாழ்ந்த ஒருவரை நினைக்க, யூடியூபில் அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்டால் போதாது. அவர் பாடியபடி நீங்கள் பாட வேண்டும். அதற்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவருடைய பாட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். அம்மாவின் பாமாலை, கீர்த்தனைப் புத்தகத்தில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஒரு பாட்டின் பக்கத்தில் "பெரியவளுக்கு டைபாய்டு, 9ஆம் நாள்". இன்னொன்றில் "மழை இல்லை". மூன்றாவது சரணத்தில் மட்டும் ஒரு கோடு, கீழே "மெதுவாக". அம்மா எதற்காக எந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார் என்பது அந்த ஓரங்களில்தான் இருந்தது. அம்மாவின் விசுவாசத்தை எனக்கு இவ்வளவு கிட்டத்தில் வேறு எதுவும் காட்டியதில்லை.

புத்தகம் கிழிந்திருக்கிறதே என்று உடனே பைண்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்தோம். பைண்டிங் செய்தவர் வழக்கப்படி மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிச் சீராக்கிக் கொடுத்தார். பல குறிப்புகள் பாதி எழுத்தோடு போய்விட்டன. முதலில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பைண்டிங் அப்புறம். பாட்டு எண்ணை மட்டும் குறித்துவைப்பதும் வேண்டாம். புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். முதல் அடியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து குரல். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கல்யாண வீடியோவில் பின்னால் கேட்கும் பாட்டு, கிறிஸ்துமஸ் கீதபவனியில் யாரோ எடுத்தது, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். போன் மாற்றும்போது இவைதான் முதலில் காணாமல் போகும். இரண்டு இடத்திலாவது வையுங்கள். இருமலையும் நடுவில் குக்கர் விசிலையும் வெட்டி எடுக்க வேண்டாம். எங்களிடம் தேறியது 11 நிமிஷம்தான்.

பாமாலைகள் பெரும்பாலும் மேல்நாட்டு ராகங்களில் நான்கு குரலுக்கு அமைந்தவை. அதனால் தொலைந்த ஆல்ட்டோவைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியும். அம்மாவோடு கொயரில் நின்ற ஒரு அக்கா தன் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்ற ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) நோட்டைக் கொண்டுவந்து, வரி வரியாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பாட்டுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.

கீர்த்தனை வேறு விதம். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே அது நம் இசையில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வருவது. மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆனால் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மெட்டு கொஞ்சம் மாறும். அம்மா ஒரு அனுபல்லவியின் கடைசிச் சொல்லை ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறக்குவார். புத்தகத்தில் அது இல்லை, தெரிந்தவர்களும் இப்போது பெரியம்மா ஒருவர்தான். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே போய் அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். புத்தகத்தில் உள்ளபடி திருத்தப் போகாதீர்கள்.

வருஷ நினைவு ஜெபத்துக்குப் பாட்டுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, சபை ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மூன்று போதும். துக்கப் பாட்டாகவே எடுக்க வேண்டியதில்லை. அம்மா அதிகம் பாடியது ஸ்தோத்திரப் பாட்டுகளை, அதனால் நாங்கள் அவற்றையே எடுத்தோம். கீபோர்டு வாசிப்பவரிடம் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். அழுகை முட்டும்போது மேல் ஸ்தாயி எட்டாது.

பிள்ளைகளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள். வேலை செய்துகொண்டே அவர்கள் காதுபடப் பாடுங்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் போவோம். இந்த வருஷம் ஆல்ட்டோவைத் தங்கை மகள் பாடுகிறாள். அதற்குப் பெயர் ஆல்ட்டோ என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆச்சி பாட்டு என்றுதான் சொல்கிறாள்.