டிஸ்க் நழுவிய நாய்: கூண்டு ஓய்வும் சிறுநீரும்

டாஷண்ட் மாதிரி நீள முதுகு நாய்க்கு டிஸ்க் நழுவினால், டாக்டர் சொல்லும் கூண்டு ஓய்வை (ஓடவோ குதிக்கவோ விடாமல் கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம்) ஒருநாள்கூடக் குறைக்காதீர்கள். மாத்திரையில் வலி அடங்கியதும் துள்ளப் பார்க்கும். உள்ளே இன்னும் ஆறியிருக்காது, டிஸ்க் மறுபடி பிதுங்கிவிடும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்தொடைக்கடியில். முதுகு வளையக் கூடாது. டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் போடுங்கள்.

பின்னங்கால் செயலிழந்த நாய் படுக்கையை நனைத்தால், 'ஒண்ணுக்குப் போயிடுச்சு' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். அடிவயிற்றில் உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்படும். அழுத்தி வெளியேற்றும் முறையை டாக்டரிடம் நேரில் கற்றுக்கொண்டு, 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். தேங்கினால் கிருமித்தொற்று வரும். நடந்துகொண்டிருந்த நாய் காலை இழுக்க ஆரம்பித்தால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.