சாய்ந்த பொம்மை நிமிர ஒரு வழி

பாளையங்கோட்டை கோடையில், மேற்குச் சுவரை ஒட்டிய கண்ணாடி அலமாரி மத்தியானத்துக்கு மேல் அடுப்பாகக் கொதிக்கும். பிவிசி பொம்மைகள் முன்பக்கம் சாய்வது பெரும்பாலும் இதனால்தான். சூட்டில் கணுக்கால் இளகி, மேல் பாரம் தாங்காமல் மடங்கும். பசை போட்டு ஒட்டாதீர்கள்.

பீடத்திலிருந்து கழற்றி, கணுக்காலை மட்டும் நல்ல சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், பெயின்ட் போய்விடும். இளகியதும் மெல்ல நிமிர்த்தி, தேவைக்கு மேல் ஒரு மயிரிழை பின்னால் வளைத்து, பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். நன்றாக ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டால் பழைய சாய்வுக்கே திரும்பிவிடும். அலமாரியையும் நிழல் பக்கம் மாற்றுங்கள்.

காருகுறிச்சி கொலு பொம்மைக்கு இந்த வைத்தியம் ஆகவே ஆகாது. மண் பொம்மை ஆடினால், அடிப்பாகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தாலே சமமாக நிற்கும்.