ஜெர்மன் நீளச் சொற்கள்: வாலைப் பிடித்துப் பிரியுங்கள்

ஜெர்மனியில் வீடு கிடைத்துக் குடிபோனால், இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்றைக் கேட்பார்கள். அதன் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. ஜெர்மனில் 24 எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி கிடையாது. வோனுங் குடியிருப்பு, கேபர் கொடுப்பவர், பெஷ்டேட்டிகுங் உறுதிச்சான்று. வீடு கொடுத்தவர் தரும் சான்று, அவ்வளவுதான்.

எவ்வளவு நீளமானாலும் கடைசித் துண்டுதான் பொருளின் பெயர். முன்னால் வருபவை எல்லாம் அதற்கு அடைமொழி. பள்ளியில் படித்த வேற்றுமைத்தொகையும் பண்புத்தொகையும் இப்படித்தான். ஆகவே வாலிலிருந்து பிரிக்கத் தொடங்குங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம் சொல்லின் இலக்கணப் பால். ஜெர்மன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று முன்னால் நிற்கும். கூட்டுச்சொல்லில் அதைக் கடைசித் துண்டே முடிவு செய்கிறது. வீடு 'டாஸ் ஹவுஸ்', கதவு 'டீ ட்யூர்', சாவி 'டேர் ஷ்லுஸல்'. வாசற்கதவுச் சாவி 'டேர் ஹவுஸ்ட்யூர்ஷ்லுஸல்'. பன்மையாக்கும்போதும் கடைசித் துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

வோனுங்குக்கும் கேபருக்கும் நடுவே வந்த 'ஸ்' தனிப் பொருள் இல்லாத ஒட்டு. 'குடியிருப்புச் சான்று' என்பதில் நாம் போடும் ச் போல. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடியும் சொற்களுக்குப் பின் பெரும்பாலும் அது வரும். மற்றவற்றுக்கு உறுதியான விதி என்று எதையும் நம்பாதீர்கள். ஸ்ட்ராஸ, பான் சேர்ந்து டிராம் வண்டிக்கு 'ஸ்ட்ராஸன்பான்' ஆகும்போது 'ன்' வருகிறது. ஹவுஸ்ட்யூரில் எதுவுமே வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பழக வேண்டியதுதான்.

பொருளில்தான் உண்மையான வழுக்கல். ஷ்னிட்ஸல் என்பது மெல்லிய இறைச்சித் துண்டு வறுவல். உணவகப் பட்டியலில் 'கால்ப்ஸ்ஷ்னிட்ஸல்' என்றால் கன்றிறைச்சியில் செய்தது. 'யேகர்ஷ்னிட்ஸல்' என்பதில் யேகர் வேட்டைக்காரர். வருவதோ வழக்கமாகக் காளான் குழம்பு ஊற்றிய இறைச்சி. 'கிண்டர்ஷ்னிட்ஸல்' குழந்தைகளுக்கான சிறிய அளவு. துண்டுகளுக்கு இடையிலான உறவைச் சொல் காட்டிக்கொடுக்காது. பொற்குடம் பொன்னால் ஆனது, தண்ணீர்க்குடம் தண்ணீரால் ஆனதில்லை என்பது நமக்குப் பழகிய கணக்குதானே! மருத்துவரைத் தேடும்போதும் கவனம் தேவை: 'ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்' உங்கள் வழக்கமான பொது மருத்துவர், வீட்டுக்கு வருபவர் என்று பொருளில்லை. 'ஃப்ரவுவன்ஆர்ட்ஸ்ட்' பெண்களுக்கான மருத்துவர். அவர் ஆணாகவும் இருக்கலாம்.

பிரிக்கும் இடம் தவறினால் பொருளே மாறிவிடும். 'ஷ்டவுபெக்கன்' என்பதை ஷ்டவு, பெக்கன் என்று பிரித்தால் நீர்த்தேக்கம். ஷ்டவுப், எக்கன் என்று பிரித்தால் தூசி மூலைகள். பேச்சில் 'எக்கன்' தொடங்குமுன் குரல் ஒரு நொடி தடைபட்டு வருவதால் காதுக்கு ஓரளவு துப்புக் கிடைக்கும்.

நீங்களே புதிதாகச் சொல் கட்டவும் ஜெர்மன் இடம் தரும். ஆனால் விண்ணப்பங்களில் வேண்டாம். அகராதியில் உள்ளதையே எழுதுங்கள்.

சம்பளச் சீட்டிலும் காப்பீட்டுக் கடிதத்திலும் 'கிராங்கன்-' என்று கோட்டோடு நின்று, 'உண்ட் ஃப்ளேகஃபெர்ஸிஷருங்' என்று தொடரும் ஒரு வரி வரலாம். 'கிராங்கன்' என்பதை மட்டும் அகராதியில் தேடினால் நோயாளிகள் என்று வரும். அந்தக் கோடு, அடுத்த சொல்லின் வாலான ஃபெர்ஸிஷருங், அதாவது காப்பீடு, இதற்கும் சேர்த்துத்தான் என்கிறது: நோய்க் காப்பீடும் பராமரிப்புக் காப்பீடும்.