ஆட்டோவை விட்டு அடுத்த எழுத்துக்கு: கேமராவின் மோடு டயலைப் பழகும் முறை

கேமராவின் தலையில் இருக்கும் மோடு டயலில் ஆட்டோ, பி, ஏ, எஸ், எம் என்று வரிசையாக இருக்கும். கேனானில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஏவி, எஸ் இருக்க வேண்டிய இடத்தில் டிவி. நிக்கானிலும் சோனியிலும் ஏ, எஸ் என்றே போட்டிருப்பார்கள். எதில் வைத்தாலும் படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு முடிவாக வேண்டியவை மூன்றுதான். லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது அபெர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது ஷட்டர் ஸ்பீடு. சென்சாரில் விழுந்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்பது ஐஎஸ்ஓ. இந்த மூன்றில் எதை நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்கள், எதைக் கேமராவிடம் விடுகிறீர்கள் என்பதில்தான் ஒரு மோடுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

எம் மோடில் எடுத்தால்தான் கேமரா தெரிந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டோவிலிருந்து நேராக எம்முக்குத் தாவினால், நோம்பியில் தேர் நகர்ந்து போன பிறகும் டயலைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏ, எஸ் இரண்டும், கூடவே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதும். அதனால் இந்த விளக்கத்தில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

லென்ஸின் பக்கத்தில் ஏஎஃப் (கேமராவே ஃபோகஸ் செய்வது), எம்எஃப் (நீங்கள் கையால் ஃபோகஸ் செய்வது) என்று சுவிட்ச் இருந்தால் ஏஎஃப் பக்கம் தள்ளுங்கள். கை நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ் அல்லது விஆர் சுவிட்ச் இருந்தால் ஆன் செய்யுங்கள். மெனுவில் பட அளவு பெரியதாகவும் தரம் ஃபைனாகவும் இருக்கட்டும். பிறகு கம்ப்யூட்டரில் திருத்தும் எண்ணம் இருந்தால் ரா (சென்சார் பதிந்த முழு விவரமும் உள்ள ஃபைல்), ஜேபெக் (வழக்கமான படம்) இரண்டையும் சேர்த்துப் பதிய வையுங்கள்.

வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். அது உங்கள் கண்ணுக்கான பவர்; படத்தை எந்த வகையிலும் மாற்றாது. ஆனால் அது கலைந்திருந்தால், ஃபோகஸ் சரியாக இருந்தும் எல்லாம் மங்கலாகவே தெரியும். கேமராவில்தான் கோளாறு என்று சர்வீஸுக்கு எடுத்துப்போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எந்த மோடாக இருந்தாலும் படம் எடுக்கும் பட்டனை இரண்டு கட்டமாக அழுத்த வேண்டும். பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகிப் பச்சைக் கட்டம் வரும். அந்த நிலையில் விரலை எடுக்காமல் மீதியை அழுத்துங்கள். ஒரே குத்தாகக் குத்தினால் ஃபோகஸும் பிசகும், கேமராவும் அசையும்.

ஆட்டோ, சீன் மோடுகள்

பகல் வெளிச்சத்தில், நிற்கும் ஆளை எடுக்க ஆட்டோ தாராளமாகப் போதும். கேமராவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து உங்களைப் படம் எடுக்கச் சொல்லும்போதும் ஆட்டோவில் வைத்துக் கொடுப்பதுதான் நல்லது.

அது தடுமாறுவது இரவில். இருட்டு என்று தெரிந்ததும், பிளாஷ் உள்ள கேமராவாக இருந்தால் அது தானாக எழும்பும். அந்தச் சின்ன பிளாஷின் வெளிச்சம் சில மீட்டர் தூரம்தான் எட்டும். தேர் அதற்கு அப்பால் இருக்கும். முன்னால் நிற்பவர்களின் தலை வெள்ளையாகவும், தேர் கருப்பாகவும் வருவது இதனால்தான். டயலில் பிளாஷ் அடையாளத்தின் மேல் கோடு போட்ட மோடு இருந்தால் இரவில் அதற்கு மாற்றுங்கள். பல கேமராக்களில் ஆட்டோவில் படத்தின் வெளிச்சத்தை நீங்களே கூட்டிக் குறைக்கவும் முடியாது.

சீன் மோடுகளில் உண்மையில் பயன்படுவது, ஓடும் ஆள் படம் போட்ட ஸ்போர்ட்ஸ். அதில் ஷட்டர் வேகமாகும், ஃபோகஸ் ஆளைத் தொடரும், பட்டனை அழுத்திப் பிடித்தால் படங்கள் தொடர்ச்சியாக விழும். எஸ் மோடு பழகும்வரை அதை வைத்துக்கொள்ளலாம்.

பி: பிளாஷ் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும் இடம்

பி மோடிலும் அபெர்ச்சர், ஷட்டர் இரண்டையும் கேமராதான் முடிவு செய்யும். ஆனால் நீங்கள் சொல்லாமல் பிளாஷ் எழும்பாது. ஐஎஸ்ஓ, நிறச் சமநிலை, வெளிச்சம் மூன்றும் உங்கள் கைக்கு வரும். பாதி அழுத்தி எடுத்த பிறகு கட்டைவிரல் பக்கத்துச் சக்கரத்தையோ விரல் பக்கத்துச் சக்கரத்தையோ சுழற்றிப் பாருங்கள். துளை எஃப்/5.6, நேரம் 1/250 நொடி என்றிருந்தது எஃப்/8, 1/125 ஆகும். அடுத்து எஃப்/11, 1/60 ஆகும். மூன்றிலும் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் ஒன்றுதான். துளை ஒரு படி சிறுத்தால் நேரம் இரண்டு மடங்காகிறது. இந்த ஒரு கணக்கு பிடிபடும்வரை பி மோடிலேயே சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். மற்ற எல்லா மோடும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஏ: பின்னணி எவ்வளவு தெரிய வேண்டும்?

இதில் அபெர்ச்சரை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டரைக் கேமரா கணக்கிடும். எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. எஃப்/1.8 அகலத் திறந்தது, எஃப்/16 ஊசித்துளை போன்றது.

பழகுவதற்குப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு அருமையான இடம். மரங்கள் வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்பதால் வித்தியாசம் உடனே தெரியும்.

1. டயலை ஏ அல்லது ஏவி-யில் வையுங்கள். கேமராவோடு வந்த 18–55 லென்ஸை 55-க்கு இழுங்கள்.
2. ஆளை உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் அடுத்த மரம் தள்ளி இருக்கட்டும்.
3. எஃப்/5.6 வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்து ஒரு படம்.
4. எதையும் மாற்றாமல் எஃப்/16 வைத்து இன்னொரு படம்.

முதல் படத்தில் பின் மரங்கள் கரைந்திருக்கும், இரண்டாவதில் மட்டைகூடத் தெரியும். “என் லென்ஸில் பின்னணி மங்கவே மாட்டேன் என்கிறது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 18-இல் வைத்து, ஆளைத் தூரத்தில் சுவரை ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். துளையை மட்டும் மாற்றினால் போதாது. பக்கத்தில் போவது, ஜூமை இழுப்பது, பின்னணியைத் தள்ளி வைப்பது மூன்றும் சேர வேண்டும். இதற்கும் மேல் வேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாம்.

கல்யாணத்தில் ஒரம்பரை மூன்று வரிசையாக நின்றால் எஃப்/8 வைத்து நடு வரிசை முகத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/1.8-இல் எடுத்தால் ஒரு வரிசை மட்டும் கூர்மையாக இருந்து மற்றவை மங்கும். அதற்காக எஃப்/22 வரை போகவும் வேண்டாம். மிகச் சிறிய துளையில் ஒளி வளைந்து படம் முழுவதுமே சற்று மழுங்கும்.

ஏ மோடில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பொழுதோட, வெளிச்சம் குறையக் குறைய, கேமரா சத்தமில்லாமல் ஷட்டரை 1/60, 1/15, 1/8 என்று இறக்கிக்கொண்டே போகும். படம் அசங்கியிருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கையில் பிடித்து எடுக்க, லென்ஸின் மி.மீ. அளவை ஒன்றரையால் பெருக்கி அந்த வேகத்துக்குக் குறையாமல் வையுங்கள்: 55-க்கு 1/80, 200-க்கு 1/320. இது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராக்களுக்கான கணக்கு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமில் பெருக்க வேண்டாம். ஐஎஸ் வசதி இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரில் ஆடும் குழந்தையைப் பிடிக்காது.

இதற்குத் தீர்வு ஆட்டோ ஐஎஸ்ஓ. மெனுவில் அதை ஆன் செய்து, உச்ச அளவு 3200 அல்லது 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று வையுங்கள். அதன் பிறகு இருட்டினால் கேமரா முதலில் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றும். புள்ளி புள்ளியாகச் சற்றுக் கிரெய்ன் வரும். பவானியில் ஜமக்காளத் தறி இருக்கும் வெளிச்சம் குறைந்த அறையில் 3200 வேண்டியிருக்கலாம், தயங்காதீர்கள். கிரெய்ன் உள்ள படத்தைப் பார்க்க முடியும், அசங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்: ஓடுவதை நிறுத்தவும், ஓட்டத்தைக் காட்டவும்

ரேக்ளா எடுக்கப் போகிறீர்கள் என்றால் எஸ் அல்லது டிவி-யில் 1/1000 வையுங்கள். காளைகள் நேர் குறுக்கே பக்கத்தில் ஓடினால் 1/2000. ஓடுவதை விடாமல் தொடரும் ஏஎஃப்-சி-க்கு ஃபோகஸை மாற்றுங்கள். கேனானில் இதன் பெயர் செர்வோ. இதை மாற்ற மறந்தால் ஷட்டர் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. பாதி அழுத்தியபோது காளை இருந்த இடத்தில் ஃபோகஸ் நின்றுவிடும், காளை அதைத் தாண்டி வந்திருக்கும்.

வெளிச்சம் பற்றாதபோது எஸ் மோடு எச்சரிக்கும். அபெர்ச்சர் எண் மின்னும், அல்லது லோ என்று வரும். லென்ஸ் முழுக்கத் திறந்தும் போதவில்லை என்று பொருள். அப்படியே எடுத்தால் படம் கருப்பாக வரும். ஆட்டோ ஐஎஸ்ஓ ஆனில் இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வராது.

வேகத்தைக் காட்ட வேண்டுமானால் 1/60-க்கு இறக்கி, வண்டி வரும் திசையோடு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள், அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். காளை ஓரளவு கூர்மையாகவும் கூட்டம் கோடுகளாகவும் வரும். பல படங்கள் வீணாகித்தான் ஒன்று தேறும்.

உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலையை 1/1000-இல் எடுத்தால் கெட்டுப்போய் நிற்பதுபோல் இருக்கும். நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றும் விசிறி ஒரு நொடியில் 120 டிகிரி நகரும். கால் நொடி ஷட்டர் திறந்திருந்தால் 30 டிகிரிக்கு ஒரு விசிறல் பதியும், அது அழகு. கொடிவேரி அணையில் தண்ணீர் பட்டுபோல் வழியவும் அதே கால் நொடி போதும். இரண்டுக்கும் ட்ரைபாட் வேண்டும், ட்ரைபாடில் வைத்ததும் பழைய லென்ஸ்களில் ஐஎஸ் சுவிட்சை ஆஃப் செய்வது நல்லது. பட்டனை விரலால் தொடாமல் 2 நொடி டைமர் வையுங்கள். நடுப்பகலில் கால் நொடி வைத்தால் எஃப்/22 கூடப் போதாமல் எண் மின்னும், படம் வெளுத்துவிடும். காலை வெயில் ஏறுமுன் போக வேண்டும், இல்லையென்றால் லென்ஸின் முன் வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும்.

வெள்ளை மாடு ஏன் சாம்பலாக வருகிறது

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரில் இருப்பது மாடா சுவரா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடும். அதனால் கட்டுத்தரையில் நிற்கும் காங்கேயம் பசு சட்டத்தை நிறைத்தால் படத்தில் அழுக்குச் சாம்பலாக வரும். எருமையை எடுத்தால் கருப்பு வெளிறிப்போகும். பி, ஏ, எஸ் மூன்றிலும் இது நடக்கும், மூன்றிலும் மருந்து ஒன்றே: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்.

கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள். வெள்ளைப் பசுவுக்கு +0.7 முதல் +1 வரை. வால்பாறை மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் +1. வானத்தை முதுகில் வைத்து நிற்பவரின் முகத்துக்கும் +1, வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. எருமைக்கு -0.7. காங்கேயம் காளைகளில் உடம்பு சாம்பலாகவும் திமிலும் கழுத்தும் கருமையாகவும் இருக்கும். அதற்கு எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

வெயிலில் பின்திரையை மட்டும் நம்பாதீர்கள், கண் கூசும்போது எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது ஓரச் சுவரில் முட்டி நின்றால் வெள்ளையில் விவரம் போய்விட்டது, 0.3 குறைத்து மறுபடி எடுங்கள். வேலை முடிந்ததும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பல கேமராக்களில் அணைத்து எழுப்பினாலும் +1 அப்படியே இருக்கும்.

எம்: வெளிச்சம் மாறாத இடத்துக்கு

இரவு மைதானத்தில் வள்ளி கும்மி. ஆடுபவர்கள் மேல் விழும் விளக்கு மாறுவதில்லை. ஆனால் பின்னால் இருட்டும், இடையிடையே ஃபோகஸ் விளக்கும் சட்டத்துக்குள் வந்து போவதால் மீட்டர் படத்துக்குப் படம் குழம்பும். மூன்றையும் நீங்களே வைக்கும் எம் இங்கேதான் தேவை. அபெர்ச்சர் லென்ஸில் முடிந்த அளவு திறந்து, எஃப்/2.8 அல்லது எஃப்/4. ஷட்டர் 1/250, அடவு நிற்க வேண்டும் என்பதற்காக. ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கி முகத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். முகம் சரியானதும் பிறகு எதையும் தொட வேண்டாம். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் எம் மோடிலும் கேமரா வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், எனவே ஒரு எண்ணில் நிறுத்துங்கள்.

ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் இருட்டாகவும், சிலவற்றில் குறுக்கே பட்டை பட்டையாகவும் வந்தால் கேமராவைச் சந்தேகிக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப் லைட்டுகளும் எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/250-இல் அந்த மின்னலின் ஒரு துண்டு மட்டும் பதிகிறது. 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் பதியும், பட்டை போய்விடும். மண்டபத்தில் இணைச்சீர் போன்ற நிதானமான சடங்குகளுக்கு 1/100 சரி. கும்மிக்கு அது போதாது, கை கால் மங்கும். மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் தொடர் படமாக எடுத்து, நல்லதைப் பொறுக்க வேண்டும். சத்தமில்லாமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரை இங்கே தவிருங்கள், பட்டை அதில்தான் அதிகம்.

வாணவேடிக்கைக்கு: ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 3 நொடி, ஃபோகஸ் எம்எஃப்-இல் தூரத்து விளக்கில் நிறுத்தியது. வெடி மேலே கிளம்பும்போதே பட்டனை அழுத்துங்கள்.

பழகியதைச் சேமித்தல்

டயலில் சி1, சி2 அல்லது யு1, யு2 இருந்தால், ரேக்ளாவுக்கான எஸ், 1/1000, ஏஎஃப்-சி, தொடர் படம் எல்லாவற்றையும் வைத்துவிட்டு மெனுவில் அந்த எண்ணில் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை டயலைத் திருப்பினாலே எல்லாம் வந்துவிடும். அந்த மோடில் இருக்கும்போது நீங்கள் இடையில் மாற்றியவை, கேமரா அணைந்து எழுந்ததும் பதிந்த நிலைக்கே திரும்பும். கேனானில் ‘ஆட்டோ அப்டேட்’ ஆனில் இருந்தால் மட்டும் மாற்றியது அப்படியே பதிந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் அதை ஆஃப் செய்து வையுங்கள்.