செல்லுக்குள் இருக்கும் ஏற்பிகள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் ஆய்வகத்துக்குப் புது மாணவர்கள் வருகிறார்கள். எங்கள் காலத்தில் நடந்த அதே தவறுகள் மறுபடி நடக்கின்றன. கையுறை, பிப்பெட், லேபிள் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கொஞ்ச நாளில் அது தானாகப் பழகிவிடும். முடிவையே புரட்டிப் போடுகிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகளில் சில செல்லின் மேற்பரப்பில் இருக்கின்றன, டிஎல்ஆர்4 அப்படிப்பட்டது. சில உள்ளே, சைட்டோபிளாசத்தில். பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கை நாட்2 அறியும், வைரஸ் ஆர்என்ஏவை ரிக்-ஐ அறியும், இருக்கக் கூடாத இடத்தில் டிஎன்ஏ கிடந்தால் சி-காஸ் அறியும். செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவது போன்ற ஆபத்துகளில் என்எல்ஆர்பி3 விழித்துக்கொண்டு இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டைக் கட்டும். இவை அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காவிட்டால் கேடு நமக்குத்தான். கவுட் நோயில் மூட்டில் சேரும் யூரேட் படிகங்கள் என்எல்ஆர்பி3 வழியாகவே அழற்சியைக் கிளப்புகின்றன என்று 2006இல் தெரியவந்தது. எந்த ஏற்பி வேலை செய்தது என்பதைத் தப்பாகச் சொன்னால், மருந்தும் தப்பான இடத்தைத்தான் குறிவைக்கும்.

இ.கோலையில் செய்த புரதத்தை அப்படியே செல்லில் ஊற்றுவது

ஒரு மாணவி இ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தை எலியின் மேக்ரோஃபேஜ்களில், அதாவது கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களில், சேர்த்தார். மறுநாள் புரத அளவை நிறத்தால் காட்டும் எலிசா தட்டில், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்துக்கான கிணறுகள் எல்லாம் அடர் மஞ்சள்; அளவு தாண்டிவிட்டது என்று ரீடர் காட்டியது. "அக்கா, நம்ம புரோட்டீன் நாட்2-வைத் தூண்டுது!" என்று ஓடி வந்தார். ஜெல்லில் ஒரே பட்டை, பார்க்க அவ்வளவு சுத்தம். அதே புரதத்தைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து மறுபடி போடச் சொன்னேன். புரதம் வெள்ளையாகத் திரிந்து குழாயின் அடியில் படிந்தது. டிஎன்எஃப் மட்டும் இறங்கவே இல்லை.

வேலை செய்தது புரதம் இல்லை. இ.கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின். புரதத்தைச் சாயமேற்றும் கூமாசியில் அது தெரியாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் நிற்காது. ஆட்டோகிளேவிலும் போகாது, கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். மேக்ரோஃபேஜுக்கு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராமே அதிகம். மனித மோனோசைட்டுகளுக்குச் சில பத்து பிக்கோகிராம் போதும். எல்பிஎஸ்ஸை அறிவது மேற்பரப்பில் உள்ள டிஎல்ஆர்4. இந்த அளவில் அது முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே நாட்2 என்ன சொன்னது என்று யாருக்குத் தெரியும்?

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருவதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறை இதே பாடத்தை ஏற்கெனவே விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1998இல் எல்பிஎஸ்ஸின் ஏற்பி டிஎல்ஆர்2 என்று சில ஆய்வுகள் சொல்லின. எல்பிஎஸ்ஸை மறுபடி சுத்திகரித்துப் போட்டதும் டிஎல்ஆர்2 அடங்கிவிட்டது. கூட வந்த லிப்போபுரதங்கள்தான் அதைத் தூண்டியிருந்தன. நாட்1, நாட்2 இரண்டும் எல்பிஎஸ்ஸை அறிகின்றன என்று 2001 வாக்கில் எழுதினார்கள். அந்த எல்பிஎஸ்ஸில் பெப்டிடோகிளைக்கன் கலந்திருந்தது. நாட்2 உண்மையில் அறிவது மியூராமைல் டைபெப்டைடு என்ற செல்சுவர்த் துணுக்கை என்று 2003இல்தான் தெளிவானது. அனுபவம் உள்ள குழுக்களே தடுக்கி விழுந்த இடம் இது. அங்கே இன்றைக்கும் ஒரு மாணவர் தன் உதவித்தொகைக் காலத்தையும் எலிகளையும் வீணாக்கினால் மனசு ஆறுவதில்லை.

செய்ய வேண்டியது என்ன? புரதத்தைச் செல்லில் போடுவதற்கு முன்பே, எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்புப் பொருளைக் கொண்டு எண்டோடாக்சினைப் பிரித்தெடுங்கள். முடிந்தால் புரதத்தைப் பாலூட்டிச் செல்லில் தயாரியுங்கள். கொதிக்க வைத்த புரதம், எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த புரதம், வெற்று பிளாஸ்மிட் கொண்ட இ.கோலையிலிருந்து அதே முறையில் எடுத்த கரைசல், இந்த மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். டிஎல்ஆர்4 இல்லாத மேக்ரோஃபேஜ் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அப்புறம், பலர் தவறவிடும் ஒன்று. டிஎல்ஆர்4-ஐ அடைத்துவிட்டால் எல்பிஎஸ் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். புரதத்தை டிரான்ஸ்ஃபெக்‌ஷன் மூலம் உள்ளே செலுத்தினால், கலந்திருக்கும் எல்பிஎஸ்ஸும் கூடவே உள்ளே போகும். அங்கே காஸ்பேஸ் என்ற புரதம் வெட்டும் நொதிகள், எலியில் காஸ்பேஸ்-11, மனிதரில் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5, அதை நேரடியாகவே பிடிக்கும். செல் வெடித்துச் சாகும். உள்ளே இருக்கும் புது ஏற்பி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்திய, காஸ்பேஸ்-1 நீக்கிய எலிகளில் காஸ்பேஸ்-11ம் வேலை செய்யவில்லை என்று 2011இல் தெரிந்தது. அவற்றை உருவாக்கப் பயன்பட்ட 129 இனத்திலேயே அந்த மரபணு பழுதாகியிருந்தது. ஆகவே எலி எந்த இனத்திலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

"ஐஎல்-1 பீட்டா ஏறியது, அதனால் என்எல்ஆர்பி3"

ஐஎல்-1 பீட்டா என்பது அழற்சியைக் கிளப்பும் ஒரு செய்திப் புரதம். அது உருவாகி வெளிவர இரண்டு படிகள் உண்டு. முதலில் எல்பிஎஸ் போன்ற ஒன்று முன்வடிவ ஐஎல்-1 பீட்டாவைத் தயாரிக்க வைக்கும். பிறகு நைஜெரிசின் என்ற நச்சோ ஏடிபியோ பொட்டாசியத்தை வெளியேற்றி இன்ஃப்ளமசோமைக் கூட வைக்கும். காஸ்பேஸ்-1 வெட்டிய பிறகே 31 கிலோடால்டன் புரதம் 17 ஆகும். செல் வேறு காரணத்தால் செத்தாலும் முன்வடிவம் வெளியே கசியும். பல எலிசா கிட்கள் அதையும் சேர்த்தே எண்ணும். வளர்திரவத்தை, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டி 17 பட்டையைக் காட்டுங்கள். செல் சாவைக் காட்டும் எல்டிஹெச் அளவும், என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950 சேர்த்த கிணறும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஹெக்293டி செல்லில் சி-காஸ் தேடுவது

ஹெக்293டி என்பது ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் மனிதச் செல்வகை. அதில் சி-காஸும், அதன் செய்தியை வாங்கி நடத்தும் ஸ்டிங் என்ற புரதமும் இல்லாததற்குச் சமம். வேறு செல் எடுங்கள்.

ஸ்டீராய்டு உள்ள சீரத்தில் ஸ்டீராய்டு ஏற்பியை ஆராய்வது

குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியும் செல்லுக்குள் இருப்பதுதான். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஒட்டியதும் செல்லின் உட்கருவுக்குள் போய், என்எஃப்-கப்பா பி என்ற புரதம் இயக்கும் அழற்சி மரபணுக்களை அடக்கும். 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளில் இறப்பைக் குறைத்தது இந்த மருந்துதான். ஆனால் நாம் ஊற்றும் கன்றுக்கரு சீரத்திலேயே கார்ட்டிசால் இருக்கிறது. ஸ்டீராய்டை நீக்க, கரித்தூளில் வடித்த சீரம் வாங்குங்கள்.

மைக்கோபிளாஸ்மா

செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புகுந்து ஏற்பிகளைத் தூண்டிவிடும் பாக்டீரியா இது. மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை. யாருக்கும் விலக்கு இல்லை.

எலியில் பார்த்ததை மனிதருக்குச் சொல்லிவிடுவது

டிஎம்எக்ஸ்ஏஏ என்ற மருந்து எலிகளில் கட்டிகளை அருமையாகச் சுருக்கியது. நுரையீரல் புற்றுநோயில் மூன்றாம் கட்ட மனிதச் சோதனை வரை போய், 2010இல் பலனின்றி நின்றது. அது எலியின் ஸ்டிங்கை மட்டுமே தூண்டுகிறது, மனித ஸ்டிங்கைத் தூண்டுவதில்லை என்ற விவரம் 2013இல்தான் வெளிவந்தது. ரத்த வங்கியில் மீந்துபோகும் பஃபி கோட்டை, அதாவது வெள்ளையணுக்கள் சேர்ந்த அடுக்கை, கேட்டு வாங்கினால் மனித மோனோசைட்டுகளைப் பிரித்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் முடிகிற சோதனை அது. கட்டுரை எழுத உட்காருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.