ஐந்து விரலும் ஒன்றாகிவிடாது: பியானோ விரல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியானோ கற்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன ஒருவரைச் சி மேஜர் ஸ்கேலை (சி-டி-இ-எஃப்-ஜி-ஏ-பி என்று ஏறும் சுர வரிசையை) வலது கையால் இரண்டு ஸ்தாயிக்கு வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சி, டி, இ மூன்றும் ஒழுங்காக வரும். நான்காவது சுரமான எஃப் மட்டும் ‘டொக்’ என்று தனியே தூக்கலாகக் கேட்கும். பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து வந்து விழும் இடம் அது. மேல் சி வரும்போது மறுபடியும் ஒரு ‘டொக்’. வாசித்தவரிடம் சொன்னால் வியப்பார். தப்பான கட்டை எதையும் தொடவில்லையே, எங்கும் நிற்கவும் இல்லையே என்பார். அவர் சொல்வது சரிதான். சுரம் தப்பவில்லை, சீர்தான் தப்பியிருக்கிறது.

இதைச் சரிசெய்யக் கிளம்பும் பலர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார்கள். விரலுக்கு வலு போதவில்லை, உடற்பயிற்சி கொடுத்தால் ஐந்தும் சமமாகிவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ரப்பர் பந்தைப் பிசைவது, ஸ்பிரிங் கருவியை அழுத்துவது, ஒரே பயிற்சியைக் கை சலிக்கும்வரை முரட்டுத்தனமாக ஓட்டுவது எல்லாம் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்கிறோம். பியானோவின் முன் உட்கார்ந்ததும் அது மறந்துவிடுகிறது.

விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. புறங்கையில், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றை நீட்டும் தசைநாண்களைக் குறுக்கே இணைக்கும் பட்டைகளும் உண்டு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். அசையவே அசையாது அல்லது மிகக் கொஞ்சமாக எழும். இது சோம்பலோ பயிற்சிக் குறைவோ அல்ல. கை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதை மீறி மோதிரவிரலை மற்ற விரல்களின் உயரத்துக்குத் தூக்கப் பாடுபடுவது வீண் வேலை, சில நேரம் ஆபத்தான வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா இந்த ஆசையில் கருவிகளையே செய்து பார்த்தது. யோஹான் பெர்ன்ஹார்ட் லோஜியர் என்பவர் 1814இல் காப்புரிமை பெற்ற கைரோபிளாஸ்ட், கையை ஒரு சட்டத்துக்குள் நிறுத்தி விரல்களை மட்டும் அசையவிட்டது. பியானோக் கலைஞராகும் கனவில் இருந்த இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானும் விரல் பயிற்சிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தியவர். 1830களின் தொடக்கத்தில் அவருடைய வலது கை விரல் செயல் குன்றியது, மேடைக் கனவு முடிந்தது. கருவிதான் காரணமா, வேறு நோயா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வலுவேற்றும் வேலை அவருக்கு உதவவில்லை என்பதில் மட்டும் வாதம் இல்லை.

அதே காலத்தில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஷோபான் நேர் எதிராக யோசித்தார். முடிக்காமல் விட்ட தம்முடைய பாடக் குறிப்புகளில், ஒவ்வொரு விரலின் இயல்பையும் கெடுக்காமல் வளர்க்க வேண்டும் என்ற கருத்தை எழுதிவைத்திருக்கிறார். மாணவர்களுக்கு முதலில் அவர் கொடுத்தது சி மேஜர் ஸ்கேல் அல்ல, பி மேஜர். அதில் நீளமான விரல்கள் உயரத்தில் இருக்கும் கருப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்கின்றன. குட்டையான பெருவிரல் வெள்ளைக் கட்டையில் விழுகிறது. எல்லாமே வெள்ளைக் கட்டையாக இருக்கும் சி மேஜர் படிக்க எளிது, கைக்குக் கடினம். நம் பாடப் புத்தகங்கள் பலவும் படிக்க எளிதானதிலிருந்தே தொடங்குகின்றன.

ஆக, விரல்கள் சமமாக இருக்கப் போவதில்லை. ஒலி மட்டும்தான் சமமாக வேண்டும். கனமான பெருவிரலைக் கொஞ்சம் அடக்கி, மோதிரவிரலுக்குக் கையின் எடையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்து, ஐந்து விதமாக நடத்தினால்தான் ஐந்தும் ஒரே மாதிரி ஒலிக்கும். எதை எவ்வளவு என்று சொல்ல வேண்டியது காது.

சத்தம் வந்த பிறகும் அழுத்துவது

பியானோவின் கட்டை சுமார் 10 மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். மெல்ல இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். கட்டை இறங்கும்போது உள்ளே சுத்தியல் எழுகிறது. தந்தியைத் தொட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்து போய்த் தந்தியை அடித்துத் திரும்புகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சுரத்தின் பலம் கூடவோ குறையவோ செய்யாது. சுரம் நீடிக்கக் கட்டையைக் கீழே பிடித்துக்கொண்டால் போதும், அதற்கு விரலின் எடையே தாராளம்.

ஆனால் பெரும்பாலோர் அடித்தட்டில் விரலை ஊன்றிக்கொண்டே அடுத்த விரலை எழுப்புகிறார்கள். முன்கை இறுகுகிறது, இறுகிய கையில் அடுத்த விரல் தாமதமாகிறது, சீர் கெடுகிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சுரத்தை வாசித்துக் கட்டையைக் கீழேயே வைத்திருங்கள். இன்னொருவர் உங்கள் மணிக்கட்டை அடியிலிருந்து ஒரு விரலால் தள்ளட்டும். அது மெதுவாக மேலே ஆடினால் சரி. கல்லாக நின்றால் நீங்கள் பியானோவோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

விரலை மிக உயரத் தூக்கி அடிப்பதும் இதே வகைதான். கட்டையின் பயணமே ஒரு சென்டிமீட்டர். விரல் நான்கு சென்டிமீட்டர் மேலிருந்து வந்தால் கட்டையைத் தட்டும் ஓசைதான் மிஞ்சும், நேரமும் போகும். விரல் நுனி கட்டையை ஒட்டியே இருக்கட்டும்.

ஹானனை ஓட்டுவது

1873இல் வெளிவந்த சார்ல்-லூயி ஹானனின் 60 பயிற்சிகளைத் தொடாமல் பியானோ படித்தவர்கள் குறைவு. விரலை உயரத் தூக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அந்த ஒன்றை விட்டுவிடலாம், புத்தகத்தை விட வேண்டாம். கெடுதல் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. கை ஒரு பக்கம் ஓட, கண் கைபேசியில் இருக்கும். முதல் பகுதியின் இருபது பயிற்சிகளையும் முடித்தாயிற்று என்ற நிறைவு வேறு.

முதல் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். ஏறும்போது வலது கையின் விரல் வரிசை 1 2 3 4 5 4 3 2 (பெருவிரல் 1, சுண்டுவிரல் 5). இது எட்டெட்டாகத் திரும்ப வருகிறது. நான்கு நான்காக எண்ணி வாசிக்கும்போது அழுத்தம் ஒவ்வொரு முறையும் 1இலும் 5இலும் மட்டுமே விழும். பெருவிரலுக்கு ஏற்கெனவே கனம் அதிகம், சுண்டுவிரலில் கை முழுவதும் சாய்ந்துவிடும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் எந்த ஏற்ற இறக்கத்தைப் போக்க உட்கார்ந்தோமோ அதையே கைக்குப் பழக்கிவிடுகிறோம்.

மாற்று மிக எளிது. அதே சுரங்களை மூன்று மூன்றாக எண்ணி, ஒவ்வொரு மூன்றின் முதல் சுரத்திலும் லேசாக அழுத்தம் கொடுங்கள். அழுத்தம் இப்போது 1, 4, 3, 2, 5, 2, 3, 4 என்று எல்லா விரல்களுக்கும் சுற்றி வரும். முதல் நாள் தலை சுற்றும். கைபேசி பார்த்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது என்பது கூடுதல் நன்மை. பிறகு அழுத்தமே இல்லாமல், மிக மெல்லிய ஒலியில் வாசியுங்கள். உரக்க வாசிக்கும்போது மறைந்துகொள்ளும் குறைகள் எல்லாம் மெல்லிய ஒலியில் வெளியே வரும். சில சுரங்கள் ஒலிக்காமலே போகும், எந்த விரல் என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம். ஒரு பயிற்சியை இப்படிப் பத்து நிமிடம் செய்வது, இருபதையும் ஓட்டி முடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

பெருவிரல் நுழையும் இடம்

தொடக்கத்தில் சொன்ன ‘டொக்’குக்கு வருவோம். பெருவிரலுக்கு வலு கூடிவிட்டது என்பதல்ல, அது நேரம் கழித்துப் புறப்படுகிறது. சி வாசித்ததும் அங்கேயே இளைப்பாறிவிட்டு, நடுவிரல் இ வாசித்த பிறகு அவசரமாக ஓடி வருகிறது. ஓடி வந்தது மெல்ல விழுமா? டி ஒலிக்கும்போதே பெருவிரல் கிளம்பிவிட வேண்டும். இ ஒலிக்கும் நேரத்தில் அது எஃப் கட்டையின் மேல் தயாராக நிற்க வேண்டும்.

அடுத்த கோளாறு மணிக்கட்டில். பெருவிரல் விழும்போது மணிக்கட்டும் சேர்ந்து தாழ்கிறது, முழங்கை வெளியே துருத்துகிறது. விரலோடு கையின் எடையும் விழுந்துவிடுகிறது. மணிக்கட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தால் எந்தச் சுரத்தில் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். முன்கை முழுவதும் ஸ்கேலோடு சேர்ந்து பக்கவாட்டில் நிற்காமல் நகர வேண்டும். பெருவிரல் வரும்போது மட்டும் குதிக்கக் கூடாது. பெருவிரலும் முழுப் பக்கமாகப் படுக்காமல் நகத்தின் ஓர மூலையால் தொட்டால் போதும்.

மெதுவாக வாசிக்கும்போது பெருவிரல் அடியில் நுழைகிறது. வேகம் கூடினால் அதற்கு நேரமே கிடையாது, கை முழுவதும் சட்டென அடுத்த இடத்துக்கு மாறுகிறது. ஆகவே நுழைப்பை மட்டும் மெதுவாகப் பழகியவர்கள் ஒரு வேகத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். சி-டி-இ மூன்றையும் ஒரே நேரத்தில் கொத்தாக அழுத்துங்கள். உடனே கையை நகர்த்தி எஃப்-ஜி-ஏ-பி நான்கையும் கொத்தாக அழுத்துங்கள், பிறகு மேல் சி-டி-இ. காதுக்கு இனிமையாக இருக்காது. கைக்கு வழி தெரிந்துவிடும்.

இறங்கும்போது குறை வேறு. எஃப்பில் இருக்கும் பெருவிரலைத் தாண்டி நடுவிரல் இக்கு வர வேண்டும். பயந்த பெருவிரல் முன்னதாகவே எழுந்துவிட, இரண்டு சுரத்துக்கும் நடுவே ஓட்டை விழுகிறது. நடுவிரல் கட்டையைத் தொடும்வரை பெருவிரல் அசையக் கூடாது.

இரண்டு கையும் சேரும்போது, ஏறுகையில் வலது பெருவிரல் எஃப்பிலும் இடது பெருவிரல் ஜியிலும் விழும். அடுத்தடுத்து இரண்டு மேடு. ஆனால் இயிலும் ஏயிலும் இரு கைகளுக்கும் நடுவிரல்தான். குழப்பம் வந்தால் அந்த இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோனோம் ஏணி

மெட்ரோனோம் என்பது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வைத்தால் அதே சீரில் தட்டிக்காட்டும் கருவி. 60இல் வந்துவிட்டது, 64, 68 என்று அதன் எண்ணை ஏற்றிக்கொண்டே போவது பரவலான பழக்கம். 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் மெட்ரோனோமை 325க்கு வைத்து வாசித்த காட்சி பரவிய பிறகு, பல வீடுகளில் அந்த எண்ணே மதிப்பெண் ஆகிவிட்டது.

மெட்ரோனோம் தட்டுக்கும் தட்டுக்கும் இடையே நான்கு சுரங்கள் வந்தால், அந்த நான்கும் எப்படிக் கோணினாலும் அது வாய் திறக்காது. முதல் சுரம் தட்டோடு சேர்ந்தால் எல்லாம் சரி என்று நாமும் நம்பிவிடுகிறோம். கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடிய பழக்கம் இங்கே கைகொடுக்கும். தட்டை மாற்றாமல் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஒவ்வொரு காலத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

வேகத்துக்குத் தனி வழி வேண்டும். ஹானன் கடைசியாகக் கேட்பது 108, தட்டுக்கு நான்கு சுரம், அதாவது நொடிக்கு ஏழு சுரத்துக்கும் மேல். அந்த வேகத்தில் கையின் அசைவே வேறு. எனவே நான்கே சுரங்களை முழு வேகத்தில் வாசித்து ஐந்தாவதில் நின்று, கையைத் தளர்த்துங்கள். அது சீராக வந்தால் எட்டு. ‘நெடில்-குறில்’ என்று தாளத்தை மாற்றி வாசிப்பதும் உதவும். ஆனால் ‘குறில்-நெடில்’ என்று திருப்பியும் வாசிக்க வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதி விரல்கள் அவசரப்படப் பழகவே இல்லை.

வலி எடுத்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். வலித்தால்தான் பயிற்சி என்று சொல்பவரிடம் பாடம் கேட்க வேண்டாம். மரத்துப்போதல், விரல் தானாகச் சுருளுதல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலது கை விரல்கள் சுருளத் தொடங்கி, பல பத்தாண்டுகள் இடது கை இசையோடு காலம் தள்ள வேண்டியிருந்தது.

கீபோர்டில் பழகுபவர்களுக்கு

நம் வீடுகளில் பியானோவைவிடக் கீபோர்டுதான் அதிகம். அதில் தொடு உணர்வு அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் எப்படித் தட்டினாலும் ஒரே அளவு ஒலிதான் வரும். சீராக வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வாசிப்பது மென்பொருள். முதலில் அந்த அமைப்பை இயக்குங்கள். எதிரொலியையும் பெடலையும் விலக்குங்கள். இரண்டும் ஓட்டைகளை மூடி மறைப்பவை.

கணினியோடு இணைத்தால் இன்னொரு வசதி உண்டு. மிடி (கீபோர்டில் வாசிப்பதை எண்களாகக் கணினிக்கு அனுப்பும் முறை) பதிவில் ஒவ்வொரு சுரத்தின் தட்டு வேகமும் 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதியும். ஒரு ஸ்கேலை வாசித்துவிட்டுப் பாருங்கள். பெருவிரலில் 95, மோதிரவிரலில் 60 என்று வந்தால் இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா, நடுவே இடைவெளி விழுகிறதா என்பதும் கோடுகளாகத் தெரியும். ஆனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன், எந்தச் சுரம் தூக்கலாக இருந்தது என்று காதால் ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது.

எடையில்லாத கட்டைகளிலேயே பழகிய குழந்தை, டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் பியானோத் தேர்வன்று முதன்முறையாக உண்மையான பியானோவைத் தொட்டால் மோதிரவிரலில் பாதிச் சுரங்கள் காணாமல் போகும். தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது தெரிந்த ஆசிரியர் வீட்டிலோ பள்ளியிலோ பியானோவில் உட்காரவையுங்கள். முன்கை தரைக்கு இணையாக வரும்படி இருக்கையை உயர்த்தி, கால் தொங்கினால் அடியில் ஒரு பலகையைப் போடுங்கள்.